டாஃபுக்கு மணலில் கண் தெரியாது

வெள்ளைக்கோல் | வெள்ளி, இரவு 10:12

ஒரு மாதமாக அக்கா பெண்ணோடு உட்கார்ந்து 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற அனிமேஷன் தொடரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'கேட்டு' என்றுதான் எழுத வேண்டும், எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அவளுக்கு 11 வயது. வசனம் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று அவள்தான் சொல்லுவாள். எபிசோடுக்கு ஒரு கடலை மிட்டாய் சம்பளம்.

இரண்டாம் சீசனில் டாஃப் வந்தாள். 2006-இல் வந்த பாத்திரம், 12 வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. மண்ணை ஆட்டிவைக்கிற வித்தைக்காரி. செருப்புப் போட மாட்டாள். தரையின் அதிர்வை உள்ளங்காலில் வாங்கி யார் எங்கே நிற்கிறார்கள் என்பதிலிருந்து யார் பொய் சொல்கிறார்கள் என்பது வரை கண்டுபிடித்துவிடுவாள். அந்த வித்தையையும் வளை தோண்டுகிற குருட்டு மிருகங்களிடம்தான் கற்றிருக்கிறாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், 'ஆண்டவன் ஒண்ணை எடுத்தா இன்னொண்ணைக் குடுத்திருப்பான் தம்பி' என்பாரே, அந்த ஆறுதலுக்கு அனிமேஷன் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நம்மை 'மாற்றுத்திறனாளி' என்கிறார்கள் இல்லையா, அந்தச் சொல்லை எழுத்துக்கு எழுத்து நம்பினால் டாஃப் கிடைப்பாள். எனக்கு அப்படி மாற்றுத் திறன் எதுவும் இல்லை. காது கூட சுமார்தான். வீட்டுக்குள்ளேயே இன்னும் கட்டில் காலில் இடித்துக்கொள்கிறேன்.

அப்புறம் பாலைவனம் வந்தது. நண்பர்கள் நூலகத்துக்குள்ளே, நூலகம் மணலில் இறங்கிக்கொண்டிருக்கிறது, இவள் கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் வந்து, இவர்களைச் சுமந்து பறக்கிற மிருகம் ஆப்பாவைக் கட்டி இழுக்கிறது. மணல் இறுகின தரை இல்லை, அதிர்வு கலங்கிப்போகிறது. எதிரி எங்கே நிற்கிறான் என்று அவளுக்குத் திட்டமாகத் தெரியவில்லை. கோபுரத்தை விட்டால் உள்ளே இருக்கிறவர்கள் போய்விடுவார்கள், விடாவிட்டால் ஆப்பா போய்விடும்.

பாப்பா பேச்சை நிறுத்திவிட்டாள். "என்னடி ஆச்சு?" என்றேன். "மாமா, இப்ப அவளுக்கும் தெரியல" என்றாள்.

அன்றைக்குத்தான் டாஃப் எனக்கு உறவானாள். அதிலிருந்து எந்தத் தொடரைத் தொட்டாலும் ஒரே கேள்விதான்: இவர்களுக்குக் கொடுத்த சக்தி எங்கே போய் நிற்கிறது? எங்குமே நிற்காவிட்டால் அது உடற்குறை இல்லை, வேஷம். உங்கள் தொடர்களில் எப்படி? ஸ்பாய்லர் பற்றிக் கவலை இல்லை, எழுதுங்கள்.

டிராகன்தாசன் | வெள்ளி, இரவு 10:40

அண்ணா, மரியாதையோடதான் சொல்றேன், இது ஃபேன்டஸி. அதே தொடர்ல கட்டாரா தண்ணியை வெச்சே காயத்தை ஆத்தறா. இப்படி மந்திரம் இருக்கிற உலகத்துல ஒருத்தர் ஏன் கண் தெரியாம, கால் நடக்காம இருக்கணும்? 2020-ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக சாரா தாம்சன் சண்டை போடற வீல்சேருக்கு விதி எழுதி வெளியிட்டப்பவும் இணையம் முழுக்க இதே கேள்விதான். நானும் அப்போ கேட்டேன். இன்னும் சரியான பதில் கிடைக்கல.

சக்கரவர்த்தினி | வெள்ளி, இரவு 11:05

தாசன் தம்பி, அவ்வளவு நெருப்பைக் கக்கற பல்லிக்கு நெஞ்செரிச்சல் வராதான்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்லை. வீல்சேர் உள்ளே வந்ததும் லாஜிக் வந்துடுச்சு.

என் வண்டி நிஜ வண்டி. போலியோ இல்லை, 19 வயசுல ஒரு விபத்து, அதுக்கு மேல அந்தக் கதை வேண்டாம். 'அவதார்' முதல் சீசன்ல டியோன்னு ஒரு பையன் வருவான், வடக்குக் காற்றுக் கோயில்ல. குழந்தையா இருக்கும்போது வெள்ளத்துல அம்மாவையும் கால் பலத்தையும் இழந்தவன். அப்பா பெரிய மெக்கானிக். பையனோட சக்கர நாற்காலிக்கு இறக்கை வெச்சுக் கொடுத்திருப்பார். அவன் பாட்டுக்கு மலையிலிருந்து குதிச்சுப் பறப்பான். பார்க்க ரொம்ப அழகு. ஆனா பறக்கத் தெரிஞ்ச அந்தப் பையன் பாத்ரூமுக்கு எப்படிப் போறான்னு எனக்கு மட்டும்தான் தோணுச்சு போல.

வெள்ளைக்கோல் சார் கேள்விக்கு என் பதில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. 2011, முதல் சீசன், நாலாவது எபிசோட். பிரான்ங்கிற பையனுக்குக் கால் போயிடுச்சு. எல்லாரும் அவன் கட்டில்கிட்ட வந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டு நிக்கறாங்க. குள்ளமான டிரியன் வர்றான், ஒரு காகிதத்தை நீட்டறான், அதுல சேணத்துக்கு வரைபடம். இந்த மாதிரி சேணம் செய்யுங்க, குதிரையைக் கடிவாளத்துக்கும் பையன் குரலுக்கும் பழக்குங்க, அவன் ஏறுவான். அவ்வளவுதான் பேச்சு. அந்த வேஷத்துல பீட்டர் டிங்க்லேஜ். நாலு எம்மி வாங்கினாரு, எனக்கு அந்த ஒரு காகிதத்துக்கே கொடுக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, என் ஸ்கூட்டருக்கு சைடு வீல் மாட்டிக் கொடுத்த மெக்கானிக் அண்ணனும் அப்படித்தான். என் காலைப் பார்க்கவே இல்லை. "ஏறி உக்காரும்மா"ன்னு சொல்லிட்டு நான் எந்தப் பக்கம் சாய்றேன், எந்தக் கையில பலம் கூடன்னு அரைமணி நேரம் பார்த்தார். அப்புறம் பிரேக்கை இடது கைக்கு மாத்தினார். ரெண்டு தடவை வெல்டிங் விட்டுப்போச்சு, அது வேற கதை.

ஆனா அதே தொடர் 2019-ல முடியறப்போ அந்தப் பையனை ராஜாவாக்கி "உடைந்த பிரான்"னு பட்டம் கட்டினாங்க பாருங்க. பட்டம் கட்டினது யாரு? சேணம் வரைஞ்ச அதே டிரியன். ரிமோட்டைத் தூக்கிப் போட்டேன், அது சோபாவுக்கு அடியில போய், எடுக்கறதுக்கு ஆள் வர ஒரு மணி நேரம் ஆச்சு.

கைவிரல் | சனி, காலை 7:30

சிரித்துவிட்டேன். என் வீட்டில் ரிமோட் விழுந்தால் சத்தமே கேட்காது.

நான் காது கேளாதவன். படித்தது காது கேளாதோர் பள்ளி, தாய்மொழி சைகை, தமிழ் எனக்கு எழுதிப் பழகிய மொழி. ஏதாவது வேற்றுமை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'தி டிராகன் பிரின்ஸ்' தொடரில் (2018) தளபதி அமாயா வருகிறார். காது கேட்காது, பேச மாட்டார், சைகைதான். கூடவே கிரென் என்று ஒருவன், அவர் சைகையைக் குரலில் சொல்லுவான். அந்த வாரம் முழுக்க அலுவலக நண்பர்கள் என் மேசைக்கு வந்தார்கள். "டேய், அவங்க நினைவிடத்துல நின்னு ஏதோ சொல்றாங்க, எழுத்தும் போடல, கிரெனும் இல்ல. என்னடா சொல்றாங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? அது அமெரிக்கச் சைகை மொழி. நம்முடையது இந்தியச் சைகை மொழி. எழுத்துகளையே அவர்கள் ஒரு கையால் காட்டுவார்கள், நாங்கள் இரண்டு கையால் காட்டுவோம். சைனாக்காரர் பேசுவது உனக்குப் புரியுமா, உனக்கும் வாய் இருக்கிறதே என்று கேட்டேன். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சைகை என்றால் உலகத்துக்கெல்லாம் ஒன்று என்று நினைத்திருக்கிறான், பத்து வருடமாக என்னோடு சாப்பிடுகிறவன்.

ஆனால் அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருந்தது. அமாயா தன் உடன்பிறந்த சராய் அரசியின் நினைவிடத்தில் நிற்கிறார். தனியாகப் பேசுகிறார். காது கேட்கிறவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு நிமிடம் வெளியே நிற்கிறார்கள். கல்யாண வீட்டில் நான் நிற்பது போல.

குறையும் சொல்ல வேண்டும். முதல் சீசனில் படம் தாவித் தாவிப் போகிறது என்று உலகமே திட்டியது. மற்றவர்களுக்கு அது கண் உறுத்தல். சைகைக்கு அது எழுத்தை முழுங்குவது. கை இங்கிருந்து அங்கே போகிற வழியில்தான் பாதி அர்த்தம் இருக்கிறது.

டிராகன்தாசன் | சனி, காலை 8:02

கைவிரல் அண்ணா, நானும் அந்த அலுவலக நண்பர் கட்சிதான். சைகை மொழி ஒண்ணுதான்னு இன்னிக்குக் காலை வரைக்கும் நினைச்சிருந்தேன். மன்னிக்கணும்.

ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது.

பளைக்காத்து | சனி, காலை 11:20

வணக்கம். நான் வடக்கில இருந்து, இலங்கை. கனகாலமா வாசிக்கிறன், எழுதுறது இண்டைக்குத்தான்.

தம்பி தாசனுக்கு ஒரு மறுமொழி. மந்திரம் இருக்கிற உலகத்தில ஏன் காலில்லாமல் இருக்கோணும் எண்டு கேட்டனியள். 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' பாத்தனியளோ? ஹிரோமு அரகாவா எண்ட அம்மா 2001-இல இருந்து 2010 வரை வரைஞ்ச கதை. அதில மந்திரத்துக்கு விலை இருக்கு. செத்த தாயை எழுப்பப் போய் எட்வர்டுக்கு இடது கால் போகுது, தம்பியின்ர உயிரைப் பிடிச்சு வைக்க வலது கையும் போகுது. மந்திரம் இருக்கிறதாலதான் அந்தப் பொடியனுக்குக் காலில்லை.

எனக்கும் இடது கால். ஒன்பது வயசு, மிதிவெடி. அதைப் பற்றிக் கதைக்க வரேல்லை.

எட்வர்டுக்கு இரும்பில கையும் காலும் பூட்டுறாங்கள். பூட்டிப் பழக மூண்டு வருசம் எண்டு பாட்டி சொல்ல, ஒரு வருசத்தில முடிக்கிறன் எண்டு நிக்கிறான். அதை நான் நம்பேல்லை, கதாநாயகன் எண்டா அப்பிடித்தான். நம்பினது வேற இடம். வடக்கில பிரிக்ஸ் எண்ட பனிக்கோட்டைக்குப் போவான். அங்கத்தைய குளிருக்கு அவன்ர இரும்பு சரிவராது, இரும்பு தொடுற சதை விறைச்சு அழுகிப்போகும் எண்டு சொல்லி, அவனுக்கு இரும்புக் கைகால் செய்து குடுக்கிற வின்ரி ஊரில இருந்து வந்து வேற உலோகத்தில கையும் காலும் மாத்தி விடுவாள். இதை யோசிச்சு எழுதின ஆளுக்குக் கும்பிடு போடலாம். எங்களுக்குக் குளிர் இல்லை, வெக்கை. பொய்க்காலின்ர சொக்கற்றுக்குள்ள வேர்த்து, தோல் உரிஞ்சு, மத்தியானம் ரெண்டு மணிக்குக் கால் ரெண்டு மடங்கு பாரம். பின்னேரம் வீட்டை வந்து கழட்டி வைக்கிற அந்த அஞ்சு நிமிசச் சுகத்தை ஒரு அனிமேயும் இன்னும் காட்டேல்லை. வளர்ற வயசில இன்னும் சிக்கல். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில கால் எப்பவும் ஒரு விரல் கட்டை, அடுத்தது கிடைக்கும் மட்டும் செருப்புக்குள்ள ரப்பர் வைச்சு நடந்தன்.

வெள்ளைக்கோல் அண்ணை, உங்கட கேள்விக்கும் இதுதான் மறுமொழி. எட்வர்டின்ர சக்தி வின்ரியின்ர மேசையில போய் நிக்குது. அவள் திருத்தித் தராட்டில் அவன் ஒரு கதாநாயகனும் இல்லை. முடிவில கை திரும்பக் கிடைக்கும், கால் கிடைக்காது. இரும்புக் காலோடதான் கலியாணம் கட்டிப் பிள்ளை பெறுறான். நான் சந்தோசப்பட்டன்.

வெள்ளைக்கோல் | சனி, மதியம் 1:15

பளைக்காத்து தம்பி, வாங்க. எட்வர்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கதையில் கர்னல் மஸ்டாங்? கடைசிச் சண்டையில் அவருக்குப் பார்வை போகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருடைய உதவி அதிகாரி ஹாக்ஐ இலக்கைச் சொல்ல, அவர் நெருப்பை விடுகிறார். பார்வையில்லாத ஒருவர் இன்னொருவர் கண்ணோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று அவ்வளவு துல்லியமாக நான் எங்கும் கேட்டதில்லை, என் அலுவலக வாழ்க்கையே அதுதான். அடுத்த அரைமணி நேரத்தில் தத்துவக் கல்லைக் கொண்டுவந்து கண்ணைக் கொடுத்துவிட்டார்கள். மனித உயிர்களை உருக்கிச் செய்த கல் அது.

ஒரு படைத்தலைவர் பார்வையில்லாமல் நாட்டை ஆளுவார் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லையா அவர்களுக்கு?

பளைக்காத்து | சனி, மதியம் 1:50

அண்ணை, அது சும்மா குடுத்த கண் இல்லை. இஷ்வல் சனத்தை அழிச்சவர் மஸ்டாங். கல்லைக் குடுக்கிற மருத்துவர், அந்தச் சனத்துக்கு மண்ணைத் திருப்பிக் குடு எண்டு கேட்டுத்தான் குடுக்கிறார். கண் அவருக்குப் பரிசில்லை, கடன்.

ஆனா நீங்கள் சொல்லுறதும் விளங்குது. குருடனா இருந்துகொண்டே அந்தக் கடனைக் கட்டியிருக்கலாம். ஓம்.

ஓலைப்பெட்டி | சனி, மாலை 4:10

கம்பராமாயணத்தை விட்டுவிட்டீர்களே. மந்தரைக்குப் பெயரே 'கூனி'. சிறுவயதில் இராமன் வில்லில் மண் உருண்டை வைத்து அவள் கூனில் அடித்து விளையாடினான், அந்தக் கோபத்தை மனசில் வைத்திருந்தாள் என்று கம்பர் காரணம் சொல்கிறார். முதுகில் கூன், மனதில் கோணல். தூர்தர்ஷன் மகாபாரதத்தில் சகுனியும் நொண்டி நொண்டித்தான் வருவார். வெள்ளைக்காரன் கொக்கிக் கையனைக் கடல் கொள்ளையனாக்கியதற்கு நாம் கோபப்படுவதில் என்ன நியாயம்?

நெறியாளர் | சனி, மாலை 4:35

நல்ல விஷயம், தனி இழைக்கே தாங்கும். ஓலைப்பெட்டி, காப்பியங்கள் பகுதியில் திறந்தால் நானும் வருகிறேன். இங்கே தொடர்களோடு நிறுத்திக்கொள்வோம்.

சக்கரவர்த்தினி | சனி, மாலை 4:41

நெறியாளர் சார், ஒரே வரி, அப்புறம் நிறுத்திடறேன். மண் உருண்டையால அடிச்ச பையன் மேல தப்பில்லை, அடி வாங்கினவ மனசுல வெச்சுக்கிட்டதுதான் தப்பு. எங்க ஸ்கூல்லயும் இதே தீர்ப்புதான் சொன்னாங்க.

ரெண்டாம்_டிகாஷன் | சனி, இரவு 9:20

நான் ஃபேன்டஸி பார்க்கிற ஆளே இல்லை. பொண்ணுக்காக உட்கார்ந்தது. அவளுக்கு 13 வயசு, வலிப்பு இருக்கு. பார்த்தா தெரியாது, அதனாலயே யாரும் நம்ப மாட்டாங்க.

'தி ஆவ்ல் ஹவுஸ்'னு ஒண்ணு, டிஸ்னி, 2020-ல ஆரம்பிச்சது. ஈடான்னு ஒரு சூனியக்காரி, சின்ன வயசுல பட்ட சாபம், அப்பப்போ ஆந்தை மிருகமா மாறிடுவா. சாபம் போகாது. மருந்தை வேளைக்குக் குடிச்சா அடங்கி இருக்கும். எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கிற டைம் டேபிள்தான்.

ரெண்டாம் சீசன்ல (2021) ஈடாவோட அம்மா வர்றாங்க. நல்ல அம்மா. பொண்ணைக் குணப்படுத்தாம ஓயறதில்லைன்னு வருஷக்கணக்கா அலையறவங்க. யாரோ ஒரு 'நிபுணர்' சொன்னான்னு ஈடாவோட மருந்தையெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சுடறாங்க. சாபம் முன்னைக்கு இப்போ மோசமாயிடுது. அந்த நிபுணர் யாருன்னு பார்த்தா, குட்டிச்சாத்தான்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் போட்ட ஆள் வேஷம்.

எனக்குக் கை நடுங்கிடுச்சு. மூணு வருஷம் முன்னாடி எங்க சொந்தத்துல ஒருத்தங்க நல்ல மனசோட ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. தாயத்து, ஒரு வேர்ப்பொடி, "இங்கிலீஷ் மாத்திரையை 40 நாள் நிறுத்தணும்". நானும் தலையாட்டினேன். ஆறாவது நாள் ராத்திரி. அதுக்கு மேல எழுத முடியல.

பொண்ணு அந்த எபிசோடை முழுசாப் பார்த்துட்டு, "அந்தப் பாட்டி கெட்டவங்க இல்லம்மா, பயந்துட்டாங்க"ன்னு சொன்னா. என் பக்கம் திரும்பாமலே சொன்னா.

சக்கரவர்த்தினி | சனி, இரவு 9:48

டிகாஷன் அக்கா. ஒண்ணும் சொல்ல வரல. இங்கேதான் இருக்கேன்.

டிராகன்தாசன் | ஞாயிறு, காலை 10:05

நேத்து ராத்திரி இழை முழுக்கத் திரும்பப் படிச்சேன். என் கேள்வியை நானே மாத்திக்கறேன்.

'ஆர்கேன்'ல விக்டர்னு ஒரு விஞ்ஞானி. கையில ஊன்றுகோல், உடம்புல நோய், கீழ்நகரத்துல பிறந்தவர். முதல் சீசன் (2021) பார்த்தப்போ இவருக்கு எப்படியாவது குணமாகணும்னு நினைச்சேன். ரெண்டாம் சீசன்ல (2024) குணமாயிடறார். அதோட நிக்காம ஊர்ல எல்லாரையும் குணப்படுத்தக் கிளம்பறார். வலி கிடையாது, குறை கிடையாது, ஆனா எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே மனசு. கடைசியில அவரோட நண்பர் ஜெய்ஸ் அவர்கிட்ட, நீ எப்பவும் உடைஞ்சவனா இருந்ததில்லைன்னு சொல்றார். சொல்றப்போ ஜெய்ஸுக்கே ஒரு கால் போய் கம்பி கட்டித்தான் நிக்கறார்.

முதல்ல பார்த்தப்போ 'சரி, வில்லன் ஆயிட்டார்'னு விட்டுட்டேன். மந்திரம் இருக்கே, எல்லாரையும் சரி பண்ணிட்டா என்னன்னு இங்க கேட்டவன் நான். அந்தத் தொடர்ல அதைக் கேட்டது விக்டர்.

வெள்ளைக்கோல் | ஞாயிறு, காலை 10:50

தம்பி, இவ்வளவு சீக்கிரம் கட்சி மாறாதே, இழை செத்துவிடும். உன் முதல் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. நாளைக்கே ஒருவர் வந்து கண் தருகிறேன் என்றால் நான் 'வேண்டாம், என் அடையாளம்' என்று வசனம் பேசுவேனா? தெரியாது. பாப்பா முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கேட்டாலும் கேட்பேன். தேசூகா வரைந்த 'டொரோரோ' சித்திரக்கதையை வைத்து 2019-இல் வந்த அனிமேயில் ஹ்யாக்கிமாருவுக்குப் பேய்கள் எடுத்துக்கொண்ட உறுப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். காது வருகிற கட்டத்தைக் கேட்டிருக்கிறீர்களா? அவன் சந்தோஷப்படுவதில்லை. மழைச் சத்தமே அடி போல விழுகிறது, காதைப் பொத்திக்கொள்கிறான். குணமாவதைக் காட்டட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அது ஒரு நாள் காலை சுவிட்ச் போட்டது போல வரும் என்று காட்டாமல் இருந்தால் போதும்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். 2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் 'டேர்டெவில்' போட்டது. கதாநாயகன் பார்வையில்லாதவர். பார்வையில்லாதவர்கள் பார்க்க, காட்சியைக் குரலில் விவரிக்கும் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் இல்லை! சத்தம் போட்ட பிறகுதான் சில நாளில் சேர்த்தார்கள், அவர்கள் ஆடியோ டிஸ்கிரிப்ஷனைத் தொடங்கியதே அந்தத் தொடரில்தான். எங்களைப் பற்றிப் படம் எடுப்பவர்களுக்கு நாங்கள் பார்வையாளர்கள் என்பது எடுத்து முடித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. தமிழ்க் குரலில் விவரிப்பு வேண்டுமென்றால் எனக்கு இன்றைக்கும் கடலை மிட்டாய்தான் வழி.

இதற்கு நேர்மாறு 'சீ', ஆப்பிள், 2019. உலகத்தில் யாருக்குமே பார்வை இல்லை. ஊருக்குள் கயிறு கட்டி வழி வைத்திருக்கிறார்கள், முடிச்சுப் போட்ட நூலில் கடிதம் எழுதுகிறார்கள், கண் தெரிகிறவன் சூனியக்காரன். ஜோ ஸ்ட்ரெச்சே என்ற பார்வையற்றவரை ஆலோசகராக வைத்துக்கொண்டு எடுத்தது. கதை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, வெட்டு குத்து அதிகம். அந்தக் கயிறு மட்டும் மனதில் நிற்கிறது. எங்கள் விடுதியில் குளியலறைக்குப் போகிற வழியில் யாரோ ஒரு சீனியர் கட்டிவைத்த கொடிக்கயிறு இருந்தது. துணி காய்வதற்கு என்று வார்டன் நினைத்துக்கொண்டிருந்தார்.

கைவிரல் | ஞாயிறு, மதியம் 12:30

கயிறு அருமை.

காது பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். 'ரேங்கிங் ஆஃப் கிங்ஸ்', விட் ஸ்டுடியோ, 2021. போஜ்ஜி இளவரசன். காது கேட்காது, பேச்சு வராது, ஒரு வாளைத் தூக்கக்கூடப் பலம் இல்லை. முதல் எபிசோடில் தெருவில் போகிறான். ஊரார் இவனுக்கு என்ன புரியப்போகிறது என்று முகத்துக்கு நேரே கேலி செய்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே போகிறான். உதடு படிப்பான், அத்தனையும் புரிந்திருக்கிறது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறான்.

நான் அதை மூன்று முறை பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று, போஜ்ஜி அத்தனை பேர் உதட்டையும் தவறாமல் படிக்கிறான். அனிமேயில் வாய் என்பது திறக்கும், மூடும், அவ்வளவுதான். அதில் உதடு படிக்க அவனைப் பெற்றவர்களாலும் முடியாது! நிஜத்தில் 'பணம்', 'மணம்' இரண்டுக்கும் ஒரே உதடு. மீசை வைத்தவர், பாக்கு மெல்லுபவர், திரும்பி நின்று பேசுபவர் எல்லாரும் எனக்கு டாஃபின் மணல்.

அமாயாவுக்கு அந்த மணல் எங்கே தெரியுமா? கேடயம். கையில் பெரிய கேடயம் பிடித்திருக்கும்போது அவரால் பேச முடியாது. சண்டை நடுவே பேச வேண்டுமென்றால் கேடயத்தை விட வேண்டும். எடுத்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்களா என்று தெரியாது, நான் ஒவ்வொரு முறையும் அவர் கையைத்தான் பார்க்கிறேன். பிறகு எதிரி நாட்டு ஜனாய் வருகிறாள். முதலில் காஸி என்று ஒரு மாணவர் இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அப்புறம் ஜனாய் தானே சைகை கற்றுக்கொள்கிறாள். காது கேட்கிறவள் இந்தப் பக்கம் நடந்து வந்தாள். என் வீட்டில் நடந்தது அம்மா மட்டும்தான். அப்பா இன்னும் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார், அதுவும் கிறுக்கல் எழுத்து.

பளைக்காத்து | ஞாயிறு, மதியம் 1:10

'மேண்டலோரியன்' முதல் சீசனில பாலைவனத்துச் சனம் கையால கதைப்பினம், பாத்தனியளோ? அந்தச் சைகையை உருவாக்கினவர் டிராய் கோட்சர், காது கேளாத நடிகர். வேற கிரகத்துக்குப் புதுசா ஒரு சைகை மொழி. கைவிரல் சொன்னதை அங்கை விளங்கியிருக்கினம்.

கடைசியா ஒண்டு, எனக்குப் பிடிச்சது. 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' படம், 2010. மூலப் புத்தகத்தில ஹிக்கப்புக்குக் கால் போறதில்லை, படத்தில போகுது. எழும்பி, முதல் அடி வைச்சுத் தடுமாற, டூத்லெஸ் தலையைக் குடுத்துத் தாங்கும். அந்த டிராகனுக்கு வால்ச் செட்டை ஒண்டு இல்லை, அதைச் செய்து பூட்டினது ஹிக்கப். அடுத்த வருசம் ஒரு குறும்படம் வந்தது. ஹிக்கப் புதுசா ஒரு வால் செய்து குடுக்கிறான், அதால டூத்லெஸ் தனிய பறக்கலாம். டூத்லெஸ் போய்த் திரும்பி வந்து அந்தப் புது வாலைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, ரெண்டு பேர் சேர்ந்து பறக்கிற பழைய வாலைத்தான் கேக்கும்.

என்ர மனிசி இதைப் பாத்து அழுதவ. எனக்குக் கொஞ்சம் கோவம். எனக்குத் தனிய பறக்க ஒரு வால் தந்தா நான் எறியமாட்டன்.

சக்கரவர்த்தினி | ஞாயிறு, மதியம் 1:22

நானும் எறியமாட்டேன். யார் கையையும் எதிர்பார்க்காம அந்த ரிமோட்டை எடுத்திருப்பேன்.

ரெண்டாம்_டிகாஷன் | ஞாயிறு, மதியம் 2:00

பொண்ணுகிட்ட கேட்டேன். "அது டிராகனோட இஷ்டம்மா"ன்னுட்டு ஃபோனுக்குத் திரும்பிட்டா.

வெள்ளைக்கோல் | ஞாயிறு, இரவு 9:30

நாங்கள் மூன்றாம் சீசனில் இருக்கிறோம். கடற்கரை. டாஃப் மணலில் ஒரு நகரத்தையே கட்டியிருக்கிறாளாம், மதில், அரண்மனை, ராஜா, ராஜாவின் கரடி எல்லாம் இருக்கிறதாம். பாப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "மாமா, இது மணல்தானே? அன்னிக்குத் தெரியலையே?" என்றாள். பழகியிருக்கிறாள் என்றேன். எனக்கும் கட்டில் கால் பழகிவிடுமா என்று கேட்டாள். மிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

டிராகன்தாசன் | ஞாயிறு, இரவு 9:44

கைவிரல் அண்ணா, அந்த நினைவிடத்துல அமாயா என்னதான் சொன்னாங்க? அமெரிக்கச் சைகை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டுச் சொல்லுங்களேன்.

கைவிரல் | திங்கள், காலை 7:15

நேற்றே கேட்டேன். அங்கே ஒரு நண்பன் இருக்கிறான், அவனும் காது கேளாதவன். வீடியோ காலில் ஒவ்வொன்றாகச் சொன்னான், நான் நம் சைகைக்கு மாற்றிப் பார்த்துக்கொண்டேன். அரைமணி நேரம் ஆனது.

இங்கே எழுத மாட்டேன். அவர்கள் எழுத்துப் போடவில்லை, நானும் போடவில்லை.

டிராகன்தாசன் | திங்கள், காலை 7:21

அண்ணா!

கைவிரல் | திங்கள், காலை 7:23

கற்றுக்கொண்டு வா.